அடுப்புக் குழியில் கிடைத்த கரித்துண்டு மரக்காளானா? படம் எடுக்க உதவி வேண்டும்

குளக்கட்டு மாணவி:
வணக்கம். வவுனியா வடக்கில் அனுமதியோடு நடக்கும் அகழ்வில், பழைய அடுப்புக் குழி மண்ணை நீரில் மிதக்கவிட்டு வடித்தபோது நகத்தளவு கரித்துண்டு ஒன்று வந்தது. ஒரு பக்கம் முழுக்க நுண்துளைகள். பட்ட பாலை மரத்தில் பிடிக்கும் காளான் போல இருக்கிறது. மருந்துக்கு வைத்திருந்தார்களோ? யூஎஸ்பி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் ஒரே கறுப்பு. வெளிச்சத்தைக் கூட்டினால் வெள்ளைப் பளபளப்பு. என்ன செய்யலாம்?

கரியாய்வன்:
தங்கச்சி, வெளிச்சம் விழும் திசைதான் பிரச்சினை. வளைய விளக்கை அணைத்துவிட்டு டோர்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடியும். குவியத்தை மாற்றி மாற்றிப் பல படம் எடுத்து இமேஜ்ஜே என்ற படச் செயலியில் ஒன்றாக்கும்.

பிறகு உடைந்த ஓரத்தைப் பாரும். மரக்கரியில் கலன்களும் (நீர் கடத்தும் குழல்கள்) கதிர்களும் (மரத்தின் நடுவிலிருந்து வெளிநோக்கி ஓடும் கோடுகள்) தெரியும். மரக்காளானில் அவை இராது. துளைகளில் இருந்து குழாய்கள் நெருக்கமாக ஒரே திசையில் உள்ளே போகும். எரிந்த எலும்பும் துளைத்துளையாக இருந்து ஏமாற்றும், ஆனால் அதன் துளைகளுக்கு ஒழுங்கு கிடையாது.

குளக்கட்டு மாணவி:
குழாய்கள்தான் அண்ணை, வரிசையாகத் தெரிகின்றன! இனி இலத்திரன் நுணுக்குக்காட்டிக்குக் கொடுக்கட்டுமா? பொன் பூசுவார்களாம்.

மல்லாவி அக்கா:
பொறும் பிள்ளை. மைக்ரோ சிடி, அதாவது எக்ஸ் கதிரால் உள்ளமைப்பைப் படமெடுக்கும் வசதி, கிடைத்தால் அதுதான் முதலில், துண்டு உடையாது. குழாய்களின் அமைப்பு அதில் வரும். சில மைக்ரோமீற்றர் தடிப்பே உள்ள பூஞ்சண இழைகளையும் வித்திகளையும் பார்க்க இலத்திரன் நுணுக்குக்காட்டி வேண்டும். அதற்குச் சிறு சில்லு போதும். மிச்சத்தில் பொன்னோ பசையோ படவிட வேண்டாம், காபன் காலக்கணிப்புக்குத் தேவைப்படும்.

துண்டு ஈரத்தோடு பொலித்தீன் பையிலா இருக்கிறது? உடனே எடுத்து நிழலில் காயவிடும். புதுப் பூஞ்சணம் பிடித்தால் படத்தில் அதன் இழையும் சேர்ந்து வரும்.

கரியாய்வன்:
அக்கா சொன்னது சரி. மருந்தா என்பதைப் படம் மட்டும் சொல்லாது. 1991இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த ஏட்சி, 5,000 ஆண்டுக்கு முந்திய மனிதர், இரண்டு வகை மரக்காளான் வைத்திருந்தார். ஒன்றில் பைரைட் என்ற, தட்டினால் தீப்பொறி தரும் கனிமத்தின் துகள் ஒட்டியிருந்ததால் தீ மூட்டத்தான் என்று தெரிந்தது. மற்றதைத் தோல்வாரில் கோத்திருந்தார். அதைத்தான் மருந்தாக இருக்கலாம் என்கிறார்கள். உம்முடையது அடுப்புக்குள் கிடந்தது. காளான் பிடித்த பட்ட மரத்தை விறகாக வைத்தாலும் இப்படித் துண்டு வரும். அதே குழியின் மரக்கரியைப் பாரும். கலன்களுக்குள் இழை ஓடியிருந்தால் உளுத்த விறகு.

குளக்கட்டு மாணவி:
அந்தக் குழிக் கரி இன்னும் ஒரு பை பிரிக்காமல் இருக்கிறது. துண்டைக் காயப் போட்டுவிட்டேன் அக்கா. கரியைப் பார்த்துவிட்டுப் படங்களை இங்கேயே போடுகிறேன்.