வீட்டு பிளாஸ்டிக்கைக் கணக்கெடுத்தவர்கள் பகிர்ந்தவை

மாதக் குப்பையை ஒரே பையில் கட்டி எடை போட்டால் ஒரு எண் கிடைக்கும், அவ்வளவுதான். எதைக் குறைக்கலாம் என்று அது சொல்லாது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி வேண்டும்: தேதி, பொருள், பிளாஸ்டிக் வகை, எண்ணிக்கை, கிராம், எங்கே வாங்கியது. கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் முடிவெடுக்க உதவுவதே அதுதான்.

தேதி என்பது வாங்கிய நாள் அல்ல, குப்பைக்குப் போகும் நாள். மாத மளிகை வந்ததும் பருப்பு, ரவை கவர்கள் டப்பாவில் கொட்டிய அன்றே குவியும். எண்ணெய் பாக்கெட்டும் சோப்புத்தூள் கவரும் மெதுவாகத்தான் வரும். அதனால் ஒரு வாரக் கணக்கை நம்பக் கூடாது. குறைந்தது நான்கு முழு வாரம் எழுதுங்கள்.

எடையில்தான் பெரிய பிழைகள் வரும். சமையலறைத் தராசு பெரும்பாலும் 1 கிராமுக்குக் கீழே காட்டாது. ஷாம்பு சாஷேயை வைத்தால் பூஜ்யம்தான். இருபது சாஷேயைச் சேர்த்து வைத்து இருபதால் வகுக்கலாம், அல்லது 0.01 கிராம் காட்டும் சின்ன நகைத் தராசு வாங்கலாம். அரை லிட்டர் பால் கவர் சுமார் 3 கிராம். மூலையில் 1 மில்லி பால் தங்கினாலே எடை மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். கழுவி, வெட்டிப் பிரித்து, உலர்த்திய பிறகே எடை. எண்ணெய் கவருக்கு வெறும் தண்ணீர் போதாது, பாத்திர சோப்பு வேண்டும்.

தினமும் எடை போட வேண்டியதில்லை. ஒவ்வொன்றின் எடையையும் ஒரு முறை பார்த்து அட்டவணையாக வைத்துவிட்டால் பிறகு எண்ணினால் போதும். நாளைக்கு இரண்டு பால் கவர் என்றால் வருடத்துக்கு 730, அதாவது ஏறத்தாழ 2.2 கிலோ.

---

வகை பிரிக்கும் இடத்தில் இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். பொருளின் மேல் அச்சிட்ட முக்கோணத்துக்குள் 1 என்றால் பெட் (தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்), 2 எச்டிபிஇ (கெட்டிப் பாலித்தீன்), 4 எல்டிபிஇ (மெல்லிய கவர் பாலித்தீன்), 5 பிபி (பாலிப்ரொப்பிலீன்), 6 பாலிஸ்டைரீன். எண்ணே இல்லாத கவர்கள் நிறைய. அவற்றில் ஒரு துண்டு வெட்டி, ஒரு சொட்டு சோப்பு விட்ட தண்ணீரில் முழுக்கி, காற்றுக் குமிழ் போக விரலால் தேய்த்து விடுங்கள். பாலித்தீனும் பிபியும் மிதக்கும். பெட், பிவிசி (குழாய் செய்யும் பிளாஸ்டிக்), பாலிஸ்டைரீன் மூழ்கும். தெர்மாகோல் பாலிஸ்டைரீன்தான் என்றாலும் உள்ளே காற்று இருப்பதால் மிதக்கும்.

உள்பக்கம் வெள்ளியாக மின்னும் சிப்ஸ், பிஸ்கட் கவர்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. பல அடுக்கு ஒட்டியவை அவை. 'பல அடுக்கு' என்று தனி வகை போடுங்கள். பால் கவரையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொள்ளும் காயலான் கடை இவற்றைத் தொடாது.

---

கணக்கில் விட்டுப்போகிறவை: மாத்திரை அட்டை, நாப்கின், டயப்பர், பேப்பர் கப். பேப்பர் கப்பின் உள்பூச்சு பிளாஸ்டிக். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடையில் உள்ள பொருள்களில் அதுவும் ஒன்று. நாப்கினுக்கும் டயப்பருக்கும் எண்ணிக்கை மட்டும் போதும், அவற்றில் பஞ்சும் கூழும் கலந்திருப்பதால் எடை குழப்பும். வெளியே குடித்த தண்ணீர் பாட்டில், டீக்கடை கப் எல்லாவற்றையும் அப்போதே போனில் படம் எடுத்து இரவில் கணக்கில் ஏற்றுங்கள்.

---

கணக்கைக் கணினி ஷீட்டில் ஏற்றும்போது 'பால் கவர்', 'பால்கவர்', 'பால் பாக்கெட்' என்று மூன்று விதமாக அடித்தால் மூன்று பொருளாகப் பிரிந்துவிடும். பெயர்களைத் தேர்வுப் பட்டியலாக வைத்துவிடுங்கள். பிறகு எண்ணிக்கைப்படி ஒரு தடவை, எடைப்படி ஒரு தடவை வரிசைப்படுத்துங்கள். சாஷே முதலதில் மேலே நிற்கும், இரண்டாவதில் காணாமல் போகும். இரண்டுமே தேவை, ஏனென்றால் தெருவில் சிதறிச் சாக்கடையை அடைப்பது எண்ணிக்கைதான். வாங்கிய இடப்படி கூட்டும்போது பார்சல் சாம்பார், சட்னி கவர்கள் ஒரே ஓட்டலில் குவிந்தால் அங்கே தூக்கு எடுத்துப் போகலாம்.

மாற்றம் செய்த பிறகு அதேபோல நான்கு வாரம் மறுபடி எழுதுங்கள், தீபாவளி, பொங்கல் மாதம் வேண்டாம். மொத்தத்தை ஆள்-நாளால் (ஒவ்வொருவரும் வீட்டில் இருந்த நாள்களின் கூட்டுத்தொகை) வகுத்தால்தான் ஒப்பிட முடியும். நான்கு பேர், 28 நாள் என்றால் 112. இரண்டு விருந்தினர் மூன்று நாள் தங்கினால் 118.