3,000 பிரஷ் வேணுமா, ஒரு வட்டப் பிரஷ் போதுமா?

காவேரிப்பட்டணம்_பிளெக்ஸ்
ஏழு வருஷமா போட்டோஷாப்தான் எனக்குச் சோறு போடுது. பென்டிரைவ்ல 3,000 பிரஷ்ஷுக்கு மேல கிடக்கு. புகை, தீப்பொறி, இறகு, எது வேணும்னாலும் இருக்கு. ஆனா போன வாரம் ஒரு கல்யாண பேனர்ல பொண்ணோட கூந்தலை ஒழுங்கா கட் பண்ண முடியலை. ஓரமெல்லாம் கத்தரிக்கோல்ல நறுக்கின மாதிரி நிக்குது. நல்ல முடி பிரஷ் பேக் யாருகிட்டயாவது இருந்தா லிங்க் குடுங்க.

பென்னாகரத்தான்
அண்ணா, பேக் தேடாதீங்க. எஃப்5 அழுத்திப் பிரஷ் செட்டிங்ஸைத் திறங்க. பிரஷ்ங்கறது ஒரு அச்சு, அவ்வளவுதான். நீங்க கோடு இழுக்கும்போது அந்த அச்சைக் குத்திக்கிட்டே போகுது. ஸ்பேஸிங் 25 சதவீதம்னா பிரஷ் அகலத்துல கால்வாசி தூரத்துக்கு ஒரு குத்து. முடிக்குச் சின்ன ஹார்ட் ரவுண்ட், அதாவது ஓரம் கூர்மையா இருக்கற வட்டப் பிரஷ் எடுத்து, ஷேப் டைனமிக்ஸ்ல சைஸ் கன்ட்ரோலை ‘ஃபேடு’ன்னு வைங்க. ஒரு எண் கேக்கும். 100னா 100 குத்துல கோடு மெலிஞ்சு முடிஞ்சிடும். முடி நீளமா வேணும்னா எண்ணைக் கூட்டுங்க.

இன்னொண்ணு, முடியை மாஸ்க்ல, அதாவது பேக்ரவுண்டை மறைக்கப் போடற திரையில, வரையாதீங்க. மாஸ்க்ல வெள்ளை அடிச்சா பழைய பேக்ரவுண்டும் சேர்ந்து வெளியே வரும். மேல புது லேயர் போட்டு, ஆல்ட் அழுத்தி முடியோட நிறத்தையே எடுத்து இழுங்க.

ஓசூர்_ஆஃப்செட்
தம்பி சொல்றதெல்லாம் உக்காந்து படம் வரையறவங்களுக்கு. கடையில கஸ்டமர் முதுகுக்குப் பின்னாடி நிக்கிறாரு. முகூர்த்த நாள்னா பேனர் வரிசை கட்டி நிக்கும். ரெடிமேட் பிரஷ்ல ஒரே கிளிக், வேலை முடிஞ்சது. அதோட, டேப்லெட் பேனா இல்லாம எஃப்5 திறந்து என்ன பண்றது? பேனாவை அழுத்தற அளவுக்குக் கோடு மாறட்டும்னு சைஸ் கன்ட்ரோலை ‘பென் பிரஷர்’னு வச்சா எச்சரிக்கை முக்கோணம்தான் வருது.

பென்னாகரத்தான்
முக்கோணம் வர்றது பென் பிரஷருக்குத்தாங்க. ஃபேடு, டைரக்ஷன் ரெண்டும் மவுஸ்லயே வேலை செய்யும். சைஸ் கன்ட்ரோலைப் பென் பிரஷர்லயே விட்டுட்டு, பென் டூல்ல பாத் (வளைகோடு) போட்டு, ஸ்ட்ரோக் பாத்ல ‘சிமுலேட் பிரஷர்’ டிக் பண்ணினா ரெண்டு முனையும் மெலிஞ்சு வரும். மவுஸை மட்டும் வச்சு ரெண்டு வருஷம் அப்படித்தான் ஓட்டினேன்.

அளவையும் பாருங்க. 10க்கு 8 அடி பேனரை 72 ரெசொல்யூஷன்ல, அதாவது அங்குலத்துக்கு 72 பிக்சல்னு திறந்தா 8640க்கு 6912 பிக்சல். டவுன்லோட் பண்ணின 300 பிக்சல் பிரஷ்ஷை அதுல 2000க்கு இழுத்தா மங்கிப் போகும். வட்டப் பிரஷ் எந்த அளவுலயும் சுத்தமா நிக்கும், ஏன்னா அது படம் இல்லை, கணக்கு.

ஓசூர்_ஆஃப்செட்
பேனரை யாரு கிட்ட நின்னு பாக்கறாங்க? பஸ்ல போறவன் பாக்கறான். புகை கொஞ்சம் மங்கினா அதுவும் புகைதான்.

தர்மபுரி_கோட்டோவியம்
எனக்கு ரெண்டு பேர் சொல்றதுமே முழுசா ஒத்து வரலை. தர்மபுரி அரசு அருங்காட்சியகத்துல இருக்கற நடுகற்களைப் பாத்துட்டு வந்து, பசங்களுக்காக ஒரு பெரிய படம் வரைஞ்சேன். முதல்ல வட்டப் பிரஷ் மட்டும்தான். கல்லு சோப்புக்கட்டி மாதிரி வழவழன்னு வந்துச்சு. அப்புறம் நெட்ல ‘ஸ்டோன்’ பிரஷ் எடுத்தேன். அது பளிங்கு. நம்ம ஊர்க் கல்லுல இருக்கற சொரசொரப்பு அதுல எங்க இருக்கு?

கடைசியா எங்க வீட்டுக்குப் பின்னாடி இருக்கற பாறையைப் போன்ல எடுத்தேன். காலைல ஏழு மணி வெயில், சாய்வா விழும்போது. உச்சி வெயில்ல எடுத்த படத்துல குழியெல்லாம் காணாமப் போயிடுது. கறுப்பு வெள்ளையாக்கி, லெவல்ஸ்ல அழுத்தி, ஓரத்தைச் சுத்தி வெள்ளையா கரைச்சுட்டு ‘டிஃபைன் பிரஷ் ப்ரீசெட்’ குடுத்தேன். கறுப்பு இருக்கற இடம் வண்ணம் அடிக்கும், வெள்ளை விட்டுடும், சாம்பல் பாதி அடிக்கும்.

முதல் இழுப்பு கோலக்குழல் உருட்டின மாதிரி இருந்துச்சு. ஒரே குழி, ஒரே வரிசை. அங்கதாங்க தம்பி சொன்ன செட்டிங்ஸ் உதவிச்சு. ஆங்கிள் ஜிட்டர் 100, ஸ்பேஸிங் 70, கொஞ்சம் ஸ்கேட்டர். ஒவ்வொரு குத்தும் வேற பக்கம் திரும்பி விழ, வரிசை கலைஞ்சு பாறை வந்துடுச்சு. நான் வருஷக்கணக்கா குழப்பிக்கிட்ட ஒண்ணு ஓபாசிட்டியும் ஃபுளோவும். ஓபாசிட்டி 30னா, மவுஸைத் தூக்காம எத்தனை தடவை மேல போனாலும் 30ஐத் தாண்டாது. ஃபுளோ 30னா, சுண்ணாம்பு அடிக்கற மாதிரி போகப் போக ஏறும். கல்லோட நிழலை ஃபுளோவுல ஏத்தினேன், வெளிச்சத்துக்கு ஓபாசிட்டியைக் கட்டி வச்சேன்.

போட்டோஷாப் வாங்க முடியாதவங்க கிருட்டாங்கற வரையற சாப்ட்வேரை எடுத்துக்கலாம், இலவசம். அதுலயும் எஃப்5தான், போட்டோஷாப்போட ஏபிஆர் பிரஷ் ஃபைலும் திறக்கும்.

ஓசூர்_ஆஃப்செட்
அவசர வேலைக்கு ரெடிமேட்தான்னு இப்பவும் சொல்றேன், மாத்திக்கலை. ஆனா நம்ம பாறை எந்த பேக்லயும் இல்லங்கறது வாஸ்தவம்மா. இங்க கிரானைட் கடை போர்டுக்கெல்லாம் அந்தப் பளிங்கைத்தான் இத்தனை நாளும் போட்டுக்கிட்டிருந்தேன். எத்தனை பிக்சல்ல எடுத்தீங்க?

தர்மபுரி_கோட்டோவியம்
2,500 அண்ணா. செட்டிங்ஸோட சேர்த்து ப்ரீசெட்டா சேமிச்சு அனுப்பறேன்.

காவேரிப்பட்டணம்_பிளெக்ஸ்
கூந்தல் முடிஞ்சுதுங்க. நீள முடிக்கு ஃபேடு 200, நெத்தியோரம் இருக்கற குட்டை முடிக்கு 60. நிறத்தை மூணு இடத்துல மாத்தி மாத்தி எடுத்தேன், இல்லன்னா விக் வச்ச மாதிரி இருக்கு. ஒரே வட்டப் பிரஷ், இருபது நிமிஷம். அந்தப் பொண்ணோட அப்பா வந்து பாத்துட்டு, காதோரம் மல்லிகைச் சரத்துக்கு மேல விழற அந்த ஒத்தை முடியைக் காட்டி, “இது போட்டோலயே இருந்துச்சா”ன்னு கேட்டாரு.