1808 இருபது காசு: பச்சையைத் தேய்த்து எடுக்கலாமா? என்ன விலை போகும்?

காவிரிக்கரை:
வணக்கம். தாத்தாவின் மரப்பெட்டியில் பெரிய செப்புக்காசு ஒன்று இருந்தது. ஒரு பக்கம் இரண்டு சிங்கம், நடுவில் கேடயம், 1808. மறுபக்கம் பாரசீக எழுத்து, அடியில் ரோமன் எண்ணில் இருபது, ‘காஷ்’. நகைக்கடைத் தராசில் 9.1 கிராம். உடம்பு அடர் பழுப்பு, விளிம்போரம் இரண்டு இடத்தில் பச்சை. புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார் அம்மா. ஒரு வீடியோவில் இதற்கு 5 லட்சம் தருவதாகச் சொல்லி, முதலில் பதிவுக் கட்டணம் கட்டச் சொல்கிறார்கள். நம்பலாமா?

செப்பேடு:
தம்பி, புளி, எலுமிச்சை, பிரஷ் எதுவும் வேண்டாம். அந்தப் பழுப்புதான் காசின் தோல். அதை உரித்துவிட்டால் திரும்ப வராது. தேய்த்த செம்பு ஒரு மாதிரி இளஞ்சிவப்பாகப் பல்லிளிக்கும். பழகியவர்கள் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். தரச்சான்று தரும் நிறுவனங்களும் முழுத் தரம் கொடுக்காமல் ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்று குறித்துவிடும். விலை அங்கேயே விழுந்துவிடும்.

பச்சையில் இரண்டு வகை உண்டு. லென்ஸ் வைத்துப் பார்த்தபடி பல்குச்சியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக ஒட்டிக்கொண்டு வழவழவென்று இருந்தால் அது நிலைத்த களிம்பு, அப்படியே விடலாம். வெளிர்பச்சைத் தூளாக உதிர்ந்து அடியில் குழி தெரிந்தால் அது நோய். செம்பில் ஏறிய உப்பு ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தைத் தின்றுகொண்டே இருக்கும். துடைத்தாலும் மறுபடி பூக்கும். எது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

மெட்ராஸ்_மின்ட்:
பதிவுக் கட்டணம் என்றாலே மோசடி, ஒரு பைசா அனுப்பாதீர்கள். பழைய காசு வாங்குவதாக ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே ஏமாற்றியதால், அந்த வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை அறிக்கையே விட்டது.

காசு நல்ல காசுதான். புதிதில் ஏறக்குறைய 9.3 கிராம் இருக்கும், உங்கள் எடை பொருந்துகிறது. சென்னை மாகாணத்துக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கிலாந்தில் பர்மிங்ஹாமின் சோஹோ நாணய ஆலையில் அடித்து வரவழைத்தது. அந்தக் கால நாணயக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்ற பொற்காசு. ஆக இது கால் பணம். நம் ஊர்ச் சந்தையில் புழங்கிய காசு என்பதால் எனக்கு இதன்மேல் தனிப் பிரியம்.

ஆனால் 1808 அரிய வருடம் இல்லை. இந்தக் காசுகளைப் பீப்பாய் பீப்பாயாக ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பிய அட்மிரல் கார்ட்னர் கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் பெருமளவு காசை வெளியே எடுத்தார்கள். அதனால் உலகச் சந்தையில் 1808 தாராளமாகக் கிடைக்கிறது. கடலில் கிடந்தவற்றில் எழுத்து கூர்மையாக இருக்கும், மேற்பரப்பு மட்டும் பொரிப்பொரியாக அரித்திருக்கும். கைமாறிப் புழங்கியது நேர்மாறு: மேல் வழவழப்பு, மேடான இடங்களில் தேய்மானம்.

காவிரிக்கரை:
பார்த்தேன் ஐயா. குச்சிக்கு அசையவில்லை, தூளும் இல்லை. பொரி எதுவும் தெரியவில்லை. சிங்கங்களின் முகம் மழுங்கியிருக்கிறது, பிடரி கொஞ்சம் தெரிகிறது. கேடயத்துக்குக் கீழே நாடா போன்ற பட்டையில் பாதி எழுத்து படிக்க வருகிறது. பாரசீகம் முழுசாக இருக்கிறது.

செப்பேடு:
அப்படியானால் புழங்கிய காசு, நடுத்தரம். முகமும் நாடா எழுத்தும்தான் முதலில் தேயும், அவற்றை வைத்துத்தான் தரம் சொல்வோம். பிடரி முழுக்கத் தெரிந்து நாடாவைத் தடையில்லாமல் படிக்க முடிந்தால் ஒரு படி மேலே. செம்பின் ஆதிச் சிவப்பு இன்னும் மிச்சமிருந்தால் விலையே வேறு. உங்களுடையதில் அது இல்லை. லட்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை. யாரோ கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். ஏல நிறுவனங்களின் தளத்தில் இதே வருடம், இதே தேய்மானமுள்ள காசு கடைசியாக என்ன விலைக்கு முடிந்தது என்று நாலைந்தைப் பாருங்கள், அதுதான் விலை.

மெட்ராஸ்_மின்ட்:
ஒன்று விட்டுவிட்டேன். நூறு வருடம் தாண்டிய நாணயம் 1972 சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டில் யார் கேட்டாலும் அனுப்பக்கூடாது.

காவிரிக்கரை:
விற்கவில்லை, தாத்தாவுடையது வீட்டிலேயே இருக்கட்டும். இப்போது சாதா பிளாஸ்டிக் உறையில் போட்டிருக்கிறேன், பரவாயில்லையா?

செப்பேடு:
மெத்தென்ற பிவிசி உறை என்றால் இன்றைக்கே மாற்றுங்கள், அது பிசுபிசுப்பான பச்சையைக் கக்கும். மைலார் (பிவிசி கலக்காத பாலியெஸ்டர்) உறையில் போட்டு, பெட்டியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று வையுங்கள். எடுக்கும்போது விளிம்பை மட்டும் பிடியுங்கள். மழைக்காலம் முடிந்ததும் அந்தப் பச்சை பரவியிருக்கிறதா என்று பார்த்து இங்கே எழுதுங்கள்.