பனியன் துணி முதல் வேட்டி வரை: துணியின் எடையைக் கேட்டு வாங்கிய அனுபவங்கள்

திருப்பூர், பின்னலாடைத் தரப் பரிசோதகர்:

அன்றாடம் உடுத்தும் டி-ஷர்ட்டை வாங்கும்போது நிறத்தையும் விலையையும் அளவையும் கேட்கிறோம். துணியின் எடையைக் கேட்பவர் மிகச் சிலரே. துணியைச் சோதித்துப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், அந்த ஓர் எண்ணைக் கேட்கும் பழக்கம் எல்லோருக்கும் வரவேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் இருக்கிறது என்பதே அந்த எண். எங்கள் ஊரில் நிட்டிங் மெஷின் ஓட்டுபவரிலிருந்து பண்டல் கட்டுபவர் வரை அதை ஜிஎஸ்எம் என்றுதான் சொல்வார்கள்.

அளக்கும் முறை எளிது. 100 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள வட்டத்தை வெட்டித் தரும் கட்டரைத் துணியின் மேல் வைத்து அழுத்தித் திருப்பி, வெட்டுப்பட்ட வட்டத்தைத் தராசில் இட்டு, வரும் கிராமை நூறால் பெருக்க வேண்டும், வட்டம் 1.6 கிராம் இருந்தால் துணி 160 ஜிஎஸ்எம். ரோலின் ஓரமும் நடுவும் ஒரே எடையில் இருப்பதில்லை என்பதால் பல இடங்களில் வெட்டிச் சராசரி பார்ப்போம். பேசிய எடையிலிருந்து 5 சதவீதம் கூடினாலும் குறைந்தாலும் பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள். ஆகவே 180 என்று எழுதிய துணி 171 ஆகவும் இருக்கலாம், 189 ஆகவும் இருக்கலாம்.

எங்கள் ஊர்க் காதர்பேட்டையில் ஒரு கடையில் நின்றிருந்தபோது, தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் தம்மிடம் மூட்டை தூக்கும் ஆட்களுக்குச் சீருடை வாங்க வந்திருந்தார். “இருப்பதிலேயே கனமாகக் கொடுங்கள், அப்போதுதான் ஒரு வருடமாவது தாங்கும்” என்று அவர் கேட்க, கடைக்காரர் 240 ஜிஎஸ்எம் காலர் டி-ஷர்ட்டை எடுத்துப் போட்டார். என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. அந்தக் கடற்கரை வெயிலில், அந்தப் புழுக்கத்தில், மூட்டை சுமக்கும் ஒருவர் மீது அந்தத் துணி வியர்வையைக் குடித்துக்கொண்டு காயாமல் கிடக்கும் என்று சொல்லி, 30-ஆம் நம்பர் (நம்பர் கூடினால் நூல் மெலியும்) கோம்டு நூலில் பின்னிய 160 ஜிஎஸ்எம் துணியைக் காட்டினேன். “லேசான துணி சீக்கிரம் கிழிந்துவிடாதா தம்பி?” என்று அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. எடை ஒன்றே உழைப்பைத் தீர்மானிப்பதில்லை. குட்டை இழைகளைச் சீவி நீக்கிய கோம்டு நூலில் நெருக்கமாகப் பின்னிய 160, சீவாத கார்டு நூலில் தளர்வாகப் பின்னிய 180-ஐவிட நெடுநாள் உழைப்பதை நான் பார்த்திருக்கிறேன். பெரியவர் இரண்டையும் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, இழுத்துவிட்டுப் பார்த்து, லேசான துணியையே எடுத்துச் சென்றார்.

ஒரு நினைவுக்குறிப்பாக: சாதாரண டி-ஷர்ட்டுக்கான சிங்கிள் ஜெர்சி 140 முதல் 180 வரை வரும்; காலர் டி-ஷர்ட்டுக்கான பிக்கே 200 முதல் 240 வரை; குளிருக்கான ஃப்ளீஸ் 280-க்கு மேல். உங்கள் ஊரில், உங்கள் வேலையில் எந்த எடை ஒத்துவந்தது என்பதை எழுதுங்கள்.

சென்னை, இருசக்கர வாகனத்தில் அலுவலகம் செல்பவர்:

தாம்பரத்திலிருந்து கிண்டி வரை தினமும் வண்டியில் போகிறவன். எனக்கு எடையைப் பற்றிய பாடம் சித்திரை வெயிலில் கிடைக்கவில்லை, ஐப்பசி மழையில்தான் கிடைத்தது. 220 ஜிஎஸ்எம் சட்டை மாடிக் கொடியில் முழுப் பகல் தொங்கியும் தையல் ஓரங்களிலும் கழுத்துப் பட்டையிலும் ஈரம் போகாமல் வாடை அடித்தது. அதே கொடியில் பக்கத்தில் கிடந்த 150 ஜிஎஸ்எம் சட்டை மாலைக்குள் காய்ந்துவிட்டது. பருத்தியின் அளவு கூடக்கூட அது பிடித்துவைக்கும் நீரும் கூடுகிறது என்பது தெரிந்த செய்திதான். ஆனாலும் வாங்கும்போது யாரும் அடைமழையை நினைத்துப் பார்ப்பதில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். லேசான வெள்ளைத் துணி உள்ளே இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் அதற்குள் ஒரு பனியன் போடுகிறோம். 140 சட்டைக்குள் 130 பனியன் என்றால் உடம்பின் மேல் இருப்பது 270. வெள்ளை நிறத்தில் மட்டும் 180-ஐத் தனியாகப் போட்டுக்கொண்டால் மொத்தச் சுமை குறைகிறது. அடர்நீலத்திலும் கறுப்பிலும் இந்தச் சிக்கல் இல்லாததால் அந்த நிறங்களில் நான் 150-ஐத் தாண்டுவதில்லை.

மதுரை, தையற்கலைஞர்:

திருப்பூர்ச் சகோதரர் சொன்ன எண்கள் பின்னல் துணிக்கு உரியவை. அவற்றை மனதில் வைத்துக்கொண்டு சுடிதார் துணியோ சட்டைத் துணியோ எடுக்க வருகிறவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். கல்லூரி மாணவி ஒருத்தி, 120 ஜிஎஸ்எம் பாப்ளின் என்ற நெசவுத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு, “டி-ஷர்ட்டே 160 இருக்கிறதே அக்கா, இது ரொம்ப மெல்லிசு ஆகிவிடுமே” என்று தயங்கினாள். பின்னல் துணியில் நூல் வளைந்து வளைந்து ஓடுகிறது. அதனால் அதே பரப்பை மூட அதிக நூல் வேண்டியிருக்கிறது. நெசவுத் துணியில் பாவும் ஊடையும் நேராகப் போவதால், குறைந்த எடையிலேயே நெருக்கமும் விறைப்பும் கிடைத்துவிடுகின்றன. 120 பாப்ளின் ஒரு முழுமையான சட்டைத் துணி. 120 ஜெர்சியோ உள்பனியனுக்கு மட்டுமே ஆகும். இரு வகைகளின் எண்ணையும் ஒன்றோடொன்று ஒப்பிடவே கூடாது என்பதை அந்தப் பெண்ணுக்கு இரண்டு துண்டுகளையும் அவள் உள்ளங்கையின் மேல் விரித்துக் காட்டித்தான் புரியவைத்தேன்.

துணிக்கடையில் நெசவுத் துணிக்கு எடை எழுதியிருப்பது அரிது. ஆகவே நானே கணக்குப் போட்டுக்கொள்கிறேன். 44 அங்குல அகலத் துணியில் இரண்டரை மீட்டர் என்றால் பரப்பு ஏறக்குறைய 2.8 சதுர மீட்டர். சமையலறைத் தராசில் அது 300 கிராம் காட்டினால் 107 ஜிஎஸ்எம் என்று வருகிறது. கோடையில் தைக்கும் மேல்சட்டைக்கு அது அருமையான எடை. பேன்ட்டுக்கு அது போதாது. உட்கார்ந்து எழும் இடத்தில் தையலை விட்டு இழை விலகிவிடும்.

கஞ்சியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. மலிவான பருத்தித் துணிக்கு கஞ்சியை ஏற்றிக் கனத்தையும் விறைப்பையும் காட்டும் வழக்கம் உண்டு. அத்தகைய துணியை எடுத்து வந்த ஒரு தாயார், பிள்ளைகளுக்கு வீட்டில் போட நல்ல கனமான துணி மலிவாகக் கிடைத்தது என்று மகிழ்ந்திருந்தார். நான் ஓரத்தைக் கைகளுக்கு இடையில் கசக்கித் தேய்த்தபோது வெள்ளைப் பொடி உதிர்ந்தது. முதல் அலசலுக்குப் பிறகு அது வலைபோல ஆனதைப் பார்த்து அவர் வருந்தினார். எனக்கும் மிகவும் வருத்தமாக இருந்தது, ஏனெனில் தையல்கூலி துணியின் விலையைவிட அதிகம். இன்று யார் துணி கொண்டுவந்தாலும், வெட்டுவதற்கு முன் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்துத் தாருங்கள் என்று சொல்லிவிடுகிறேன். துணி எவ்வளவு சுருங்கும் என்பதும் அப்போதே தெரிந்துவிடும், துணியின் உண்மையான எடையும் அப்போதுதான் தெரியும்.

குன்னூர், இரண்டு குழந்தைகளின் தாய்:

இங்கே எல்லோரும் குறைந்த எடையைப் பேசுகிறீர்கள், எங்களுக்குக் குளிர். ஆனால் நாங்களும் ஒரே தடித்த உடையை நம்புவதில்லை. காலையில் பள்ளிக்குப் போகும்போது 160 டி-ஷர்ட்டின் மேல் 280 ஃப்ளீஸ். வெயில் ஏறியதும் மேலாடையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்கிறார்கள். இரண்டு உடைகளுக்கு இடையில் நிற்கும் காற்றும் குளிரைத் தடுக்கிறது. தனியாக ஒரு 400 ஜிஎஸ்எம் உடையை வாங்கியிருந்தால் மதியத்தில் அதை என்ன செய்வது?

ஈரோடு, ஜவுளி வாங்கி விற்பவர்:

வேட்டியில் இந்தக் கணக்கு தலைகீழாக இருப்பதை யாரும் எழுதவில்லை. ஒரு பவுண்டு எடையில் 840 கஜம் கொண்ட நூல் கழிகள் எத்தனை அடங்குகின்றனவோ, அதுவே நூலின் நம்பர். 40-ஆம் நம்பர் நூல் ஒரு பவுண்டுக்கு 33,600 கஜமும் 100-ஆம் நம்பர் நூல் 84,000 கஜமும் ஓடும். நம்பர் ஏற ஏற நூல் மெலிந்து துணியின் எடை குறைகிறது, விலையோ ஏறுகிறது. அவ்வளவு மெல்லிய நூலை நூற்க நீண்ட இழைப் பஞ்சு வேண்டும், தறியில் அறுபடாமல் ஓட்ட மிகுந்த கவனமும் வேண்டும். “லேசாக இருக்கிறதே, இதற்கா இவ்வளவு விலை?” என்று கேட்கும் வாடிக்கையாளரிடம் இரண்டு வேட்டிகளை அவிழ்த்து, உடுத்தி நாலு அடி நடந்து பாருங்கள் என்றுதான் சொல்வேன். நடந்து பார்த்த பிறகு விலையைப் பற்றிய கேள்வி அநேகமாகத் திரும்ப வருவதில்லை.

வீட்டில் துடைத்துக்கொள்ள எங்கள் பக்கத்து ஈரிழைத் துண்டையே இன்றும் பரிந்துரைக்கிறேன். 75-க்கு 150 சென்டிமீட்டர் அளவுள்ள 450 கிராம் டர்க்கித் துண்டு 400 ஜிஎஸ்எம். அதே அளவில் ஈரிழை 180 கிராம் இருந்தால் 160 ஜிஎஸ்எம் மட்டுமே. பயணத்துக்கும் மழைக்காலத்துக்கும் இதற்கு நிகர் வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

திருப்பூர், பின்னலாடைத் தரப் பரிசோதகர்:

மதுரைச் சகோதரி சொன்னபடி தண்ணீர் பட்டதும் துணி சுருங்குவது பின்னல் துணியில் இன்னும் முக்கியமானது. நீளத்தில் 5 சதவீதமும் அகலத்தில் 5 சதவீதமும் சுருங்கிய துணியில் அதே நூல் சிறிய பரப்பில் அடங்கிவிடுகிறது. 160 ஜிஎஸ்எம் துணி அப்போது ஏறக்குறைய 177 ஆகிறது. துவைத்த பின் துணி கனத்துவிட்டது என்று மகிழ்பவர்கள் உண்டு. சட்டை குட்டையானதன் விளைவுதான் அந்தக் கனம். துணியைச் சீர்செய்து முடிக்கும் ஃபினிஷிங்கில் அதை அகலவாக்கில் இழுத்துப் பிடித்து அளவைக் கூட்டியிருந்தால் இப்படி நேரும். துணியை முன்கூட்டியே சுருக்கிவிடும் காம்பாக்டிங்கை முறையாகச் செய்த துணியில் இந்த மாற்றம் மிகக் குறைவு.

ஈரப்பதத்தையும் கவனிக்க வேண்டும். நிர்ணயிக்கப்பட்ட சூழலில் வைத்த பருத்தி, தன் உலர்ந்த எடையில் 8.5 சதவீத அளவுக்கு ஈரத்தை ஏற்றுக்கொள்வதாகக் கணக்கிடுகிறோம். வீட்டில் எடை போடுபவர்கள் இரு துணிகளை ஒப்பிட விரும்பினால், இரண்டையும் ஒரே அறையில் ஓரிரவு வைத்திருந்து, ஒரே நேரத்தில் எடுத்துப் போடுங்கள். தைத்த டி-ஷர்ட்டை அப்படியே எடை போட்டால் கழுத்து ரிப்பும் தையலும் சேர்ந்துவிடும். ஆனாலும் ஒரே அளவுள்ள இரண்டு சட்டைகளை ஒப்பிட அதுவே போதுமானது.

ஜீன்ஸ் வாங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு: அதன் எடையைச் சதுர கஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்று சொல்வது வழக்கம். ஓர் அவுன்ஸ் என்பது ஏறக்குறைய 34 ஜிஎஸ்எம். 12 அவுன்ஸ் ஜீன்ஸ் 400-ஐத் தாண்டிவிடும். நம் சமவெளிகளில் தினமும் உடுத்த 8 முதல் 10 அவுன்ஸுக்குள் தேடுங்கள். கடையில் விற்பவருக்கு எண் தெரியாவிட்டால், இருப்பதில் லேசான டெனிம் எது என்று கேட்டு, பக்கத்தில் இருப்பதோடு சேர்த்துக் கையில் தூக்கிப் பாருங்கள். 8-க்கும் 12-க்கும் உள்ள வேறுபாடு கையிலேயே தெரியும்.