'டார்க்' என்பதற்குத் 'திருப்பு விசை' பொருந்துமா?

ஈரோட்டிலிருந்து, கல்லூரி இயற்பியல் ஆசிரியை:

குழுவினர்க்கு வணக்கம். முதலாண்டு மாணவர்க்காக நாங்கள் எழுதியுள்ள இயந்திரவியல் நூலின் மெய்ப்புப் படிகளைத் திங்கட்கிழமைக்குள் அச்சகத்துக்கு அனுப்பியாக வேண்டும். 'டார்க்' (torque) என்பதற்கு, அதாவது ஒரு பொருளைச் சுழற்ற விசைக்கு உள்ள ஆற்றலைக் குறிக்கும் அளவுக்கு, பள்ளிப் பாடநூல் வழியில் 'திருப்பு விசை' என்றே எழுதியிருக்கிறோம். அச்சொல் என்னை உறுத்துகிறது. அந்த அளவு விசையை மட்டுமின்றி, சுழல் அச்சிலிருந்து விசை செயல்படும் தொலைவையும் பொறுத்தது. அதன் அலகு நியூட்டன் மீட்டர். பெயரில் 'விசை' இருப்பதால் விடைத்தாளில் 'நியூட்டன்' என்று மட்டும் எழுதி மதிப்பெண் இழக்கும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். துருவேறிய பம்ப்செட் போல்ட்டைக் கழற்ற, ஸ்பேனர் பிடியில் இரும்புக் குழாயைச் செருகி அப்பா நீளம் கூட்டுவதை வீட்டிலேயே கண்டவர்கள் அவர்கள். 100 நியூட்டன் விசையைப் பிடிக்குச் செங்குத்தாக 15 செ.மீ. தொலைவில் கொடுத்தால் 15 நியூட்டன் மீட்டர், 30 செ.மீ. தொலைவில் கொடுத்தால் 30. கண்ணால் அறிந்ததைச் சொல் மறைக்கலாமா? 'முறுக்கம்' என்று மாற்றிவிட விரும்புகிறேன்.

கோவையிலிருந்து, நூற்பாலைப் பொறியாளர்:

அம்மா, 'முறுக்கம்' வேண்டாம். எங்கள் ஆலைகளில் முறுக்கு என்றால் ஓர் அங்குல நூலில் எத்தனை சுற்று என்னும் எண்ணிக்கை. இயற்பியலிலும் ஒரு முனை பிடிக்கப்பட்ட கம்பியின் மறுமுனையைத் திருகும்போது அது அடையும் உருமாற்றத்துக்கு அச்சொல்லை ஒதுக்கிவிட்டோம். 'முறுக்கு ஊசல்' அவ்வழி வந்தது. காரணத்துக்கும் விளைவுக்கும் ஒரே பெயரிட்டால் குழப்பம் இடம் மாறும், தீராது.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

இலத்தீன் மூலத்துக்கு முறுக்குதல் என்று பொருள் இருப்பதால் நாமும் முறுக்கியே தீர வேண்டும் என்பதில்லை. நம்மிடம் 'திரி' என்னும் வேர் இருக்கிறது. திரிதல், திருகுதல், திரும்புதல், திரிகை யாவும் ஒரு குடும்பம். சிலம்பின் மங்கல வாழ்த்தில் ஞாயிறு மேருவை வலந்திரிவதற்குச் சோழனின் 'திகிரி', அதாவது ஆணைச் சக்கரம், உவமையாவதை நோக்குக. திகிரியும் இக்குடும்பத்ததே என்பது என் நெடுநாளைய கருத்து, அதனை வேறொரு மடலில் விரிப்பேன். இப்போதைக்குத் திருகையைப் பாருங்கள். ராகி அரைக்கும் அந்தக் கல்லில் கைப்பிடிக் குச்சியை விளிம்போரமாக நட்டிருப்பார்கள். நடுமுளைக்கு அருகில் நட்டால் எவ்வளவு வலுவாகத் தள்ளினாலும் கல் எளிதில் அசையாது. நீங்கள் இரண்டு பக்கத்தில் விளக்குவதை நம் பாட்டிமாரின் கருவி ஒரு சுற்றில் காட்டிவிடுகிறது. ஆகவே 'திருகம்' என்க. விசையும் திறனும் ஒட்டாத தனிச்சொல் அது.

சேலத்திலிருந்து, மேனிலைப்பள்ளி ஆசிரியர்:

ஐயா, 'திருகம்' கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் வினாத்தாளில் 'திருப்பு விசை' என்றுதான் வரும். இந்த நூலை மட்டும் படித்துவிட்டுப் போகும் மாணவி தேர்வறையில் திகைத்து நிற்பாள். 1916-இல் இதே சேலத்தில் இராஜாஜி முதலானோர் அறிவியல் சொற்களுக்கென்று கழகம் அமைத்த காலத்தில் களம் வெறுமையாக இருந்தது. இன்று ஒரு தலைமுறைக்கு மேல் படித்த சொல் முன்னே நிற்கிறது. 'திருப்புத்திறன்' என்று சிலர் சொல்லக்கூடும். 'திறன்' என்பதை வேலை செய்யும் வீதத்துக்கும் வழங்குவதால் அதிலும் இதே இடர் உண்டு. இருக்கும் சொல்லை வைத்துக்கொண்டு விளக்கத்தைக் கூட்டுங்கள்.

ஈரோட்டிலிருந்து, மீண்டும்:

வினாத்தாளில் பழைய சொல்லே வருவதாலும் நாள் நெருங்கிவிட்டதாலும் 'திருப்பு விசை' என்றே அச்சிடுகிறோம். முதன்முறை வரும் இடத்தில் அது விசையாகாது என்பதைத் திருகைப் படத்துடன் ஒரு பத்தியில் சொல்லி, 'திருகம்' என்ற பெயரையும் அங்கே குறிப்பிடுகிறேன்.

கோபியிலிருந்து:

படத்துக்கு நன்றி, அம்மா. விசையல்லாத ஒன்றை விசை என்று அச்சேற்றுவதற்கு என் இசைவு இல்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். குச்சி விளிம்போரமாகவே இருக்குமாறு படத்தை வரையச் சொல்லுங்கள்.