மின் சிக்கனம் பற்றிப் பேசுகிறேன், வீட்டில் இரண்டு ஏசி. பேசலாமா, கூடாதா?

மாடிவீட்டு_மணி:

நாங்கள் ஏழெட்டுப் பேர் சனிக்கிழமைகளில் பள்ளிகளுக்குப் போய்ச் சுற்றுச்சூழல் பற்றிப் பேசுகிறோம். ஏரி, குப்பை, பிளாஸ்டிக், அப்புறம் மின் சிக்கனம். கடைசியது என் பங்கு. ஃபேனை அணைத்துவிட்டு வெளியே போ, நிலக்கரி எங்கே எரிகிறது, அந்தச் சாம்பல் யார் வீட்டு வாசலில் விழுகிறது என்று அரை மணி நேரம் பேசுவேன். போன வாரம் தாம்பரம் பக்கம் ஒரு பள்ளியில் பேசி முடித்ததும் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "சார், உங்க வீட்டுல ஏசி இருக்கா?" என்றாள். குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் "அம்மாவுக்கு உடம்பு முடியல, அதனால..." என்று இழுத்தேன். அம்மா அறையில் ஏசியே கிடையாது. குளிர் பட்டால் கால் குடையும் என்று அவர் வேண்டாம் என்றுவிட்டார். இருக்கிற இரண்டும் எங்கள் அறையிலும் பையன் அறையிலும்தான்.

வீட்டுக்கு வந்து கரண்ட் பில்லை எடுத்துப் பார்த்தேன். ஏப்ரல், மே இரண்டு மாதத்துக்கு 1,140 யூனிட். விஷயத்தைச் சொன்னதும் மனைவி "ஊருக்குத்தானே உபதேசம்" என்று சிரித்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஏசியைக் கழற்றும்வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா, இல்லை சொல்கிறவனை விட்டுவிட்டுச் சொல்வதை மட்டும் பாருங்கள் என்று கேட்கலாமா?

சுண்டல்பொட்டலம்:

ஏசி வைத்திருப்பது இருக்கட்டும், அம்மாவை இழுத்தீர்கள் பாருங்கள், அதுதான் எனக்கு உறுத்துகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டு 1,140 யூனிட்டால் உலகம் ஒன்றும் கூடுதலாகக் கொதிக்கப் போவதில்லை. ஆனால் கேட்கிறவர்கள் அதை வைத்துத்தான் உங்களை எடை போடுவார்கள். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் 58 ஊர்களில் மொட்டைமாடி சோலாருக்கு உள்ளூர் ஆட்களை வைத்துப் பிரசாரம் செய்தார்கள். தன் வீட்டில் சோலார் போட்டிருந்தவர், போடாமல் பேசியவரைவிட 62.8 சதவீதம் அதிகம் பேரைச் சேர்த்தாராம், 2018இல் நேச்சர் இதழில் அந்த ஆய்வு வந்தது. சொந்தக் காசைப் போட்டிருக்கிறான், அப்போ இவன் நிஜமாகவே நம்புகிறான் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள், நாமும் மருந்துக் கடைக்காரரிடம் "உங்க பிள்ளைக்கு இதைக் கொடுப்பீங்களா" என்று கேட்கிறவர்கள்தானே.

எதிர்ப் பக்கத்துக்கு அமெரிக்காவின் முன்னாள் துணை அதிபர் ஆல் கோர். 2007 பிப்ரவரியில் அவருடைய பருவநிலைப் படத்துக்கு ஆஸ்கர் கிடைத்த மறுநாளே, டென்னஸ்ஸியில் ஓர் அமைப்பு அவர் நாஷ்வில் வீட்டு மின் கணக்கைத் தூக்கிக்கொண்டு வந்தது. 2006இல் ஏறக்குறைய 2,21,000 யூனிட், சராசரி அமெரிக்க வீட்டைப் போல 20 மடங்கு. நான் கூடுதல் பணம் கொடுத்துப் பசுமை மின்சாரம்தான் வாங்குகிறேன் என்றார், பிறகு சோலாரும் போட்டார். யாருக்கு அது நினைவிருக்கிறது? பில்தான் நிற்கிறது.

உப்புக்காற்று:

மேலே எழுதியவர் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதி ஆபத்து.

நான் கூடங்குளம் பக்கத்து ஆள். 2011, 2012இல் அணு உலை வேண்டாம் என்று இடிந்தகரையில் ஜனங்கள் உட்கார்ந்திருந்தபோது வெளியூர்க்காரர்கள் எங்களைக் கேட்ட ஒரே கேள்வி "உங்க வீட்டுல லைட் எரியலையா, மிக்ஸி ஓடலையா, அப்புறம் எதுக்கு எதிர்க்கிறீங்க?" சென்னையை விட்டால் தமிழ்நாடு முழுக்க நாளைக்குப் பத்து மணி நேரம் கரண்ட் இல்லாத காலம் அது, கோபம் புரிகிறது. ஆனால் வீட்டில் ஒரு டியூப்லைட் வைத்திருக்கிற மீனவர் உலையைப் பற்றிக் கேள்வி கேட்கக் கூடாதென்றால் யார்தான் கேட்பது? எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் கொட்டுகிறது என்று கத்துகிறவரிடம் முதலில் உன் ஃபேனை நிறுத்து என்பீர்களா?

கார்பன் தடத்தை, அதாவது ஒருத்தர் வாழ்க்கையால் எவ்வளவு கரியமில வாயு வெளியேறுகிறது என்பதை, கணக்குப் போட்டுப் பார்க்கும் கருவியை 2004 வாக்கில் பரப்பியதே பிபி எண்ணெய் கம்பெனிதான். எண்ணெய் விற்கிறவன் உன் தடம் எவ்வளவு என்று நம்மைக் கேட்கிறான், நாமும் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருக்கிறோம். அப்படியே யோக்கியமாக இருந்தால்தான் விடுகிறார்களா? பருவநிலைக்காகப் போராடும் ஸ்வீடன் பெண் கிரெட்டா துன்பெர்க் 2019 ஆகஸ்டில் விமானம் வேண்டாம் என்று இங்கிலாந்தின் பிளிமத்திலிருந்து நியூயார்க்குக்குப் பாய்மரப் படகில் போனார். இரண்டு வாரம், நடுக்கடலில். உடனே என்ன சொன்னார்கள்? படகைத் திருப்பிக் கொண்டுவர ஆட்கள் விமானத்தில் போகிறார்களே என்றார்கள்.

அதனால் மணி, பேசுங்கள். ஏசி இருக்கட்டும்.

சுண்டல்பொட்டலம்:

உப்புக்காற்று அண்ணே, இடிந்தகரை விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை. தன் தலையில் விழுவதை எதிர்க்கிறவர் யாரிடமும் பில்லைக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் மணி அணு உலையையா எதிர்க்கிறார்? பிள்ளைகளிடம் போய் நீ ஃபேனை அணை என்கிறார். அடுத்தவர் வீட்டு சுவிட்சில் கை வைக்கிறவர் தன் வீட்டு சுவிட்சைக் காட்டத்தான் வேண்டும். இன்னொன்று, அமெரிக்க ஆய்வாளர் ஷாஸீன் அத்தாரி குழுவின் 2019 ஆய்வில், முன்பு தாம்தூம் என்று செலவழித்தவர் வழியை மாற்றிக்கொண்டால் நம்பிக்கை திரும்பி வருகிறது என்று கண்டிருக்கிறார்கள். கழற்றி எறிய வேண்டாம், மாறிக்கொண்டிருக்கிறேன் என்று காட்டினால் போதும்.

ஒயர்மேன்:

தத்துவம் எனக்கு வராது. கணக்கு சொல்கிறேன்.

மணி சார், உங்கள் ஏசி எத்தனையில் ஓடுகிறது? 20 என்று வைத்துக்கொள்கிறேன், எல்லார் வீட்டிலும் அதுதான். ஒரு டிகிரி ஏற்றினால் ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு, 2020 ஜனவரியிலிருந்து புது ஏசி எல்லாம் 24இல்தான் ஆன் ஆக வேண்டும் என்று விதியே போட்டார்கள். 25இல் வைத்துக்கொண்டு ஃபேனையும் ஓட்டுங்கள். ஏசி இழுப்பதில் கால்வாசியாவது குறையும், உங்கள் பில்லில் 800 யூனிட் ஏசியுடையது என்று வைத்தால் 200 யூனிட்டாவது மிச்சம்.

பழைய ஃபேன் 75 வாட், கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேன் 30 வாட் சுமார். ஒரு ஃபேன் நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம். செட் டாப் பாக்ஸை ரிமோட்டில் அணைப்பது அணைப்பே இல்லை, சுவிட்சில் அணைக்கணும். 10 வாட் என்றாலும் இரண்டு மாதத்தில் 14 யூனிட் சும்மா போகிறது. பிள்ளைகளிடம் சார்ஜரைப் பற்றிச் சொன்னீர்களென்றால் விட்டுவிடுங்கள், அது இழுப்பது ரொம்பச் சொற்பம்.

அப்புறம் ஏசி ஃபில்டரைக் கழுவி எத்தனை நாள் ஆச்சு?

மாடிவீட்டு_மணி:

ஒயர்மேன் சார், ஃபில்டரைக் கழற்றினேன். வெளியே சொல்லக்கூடிய நிலையில் இல்லை, போர்வை மாதிரி தூசி. 20 இல்லை, பையன் அறையில் 18. இப்போது இரண்டும் 25. பையன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான், மூன்றாம் நாள் மறந்துவிட்டான்.

உப்புக்காற்று, நீங்கள் சொன்னதை வகுப்பில் சொல்லப் போகிறேன், சாம்பலைப் பற்றிப் பேசும்போது. அது வேறு, ஃபேன் வேறு என்று இப்போதுதான் எனக்கே பிரிந்து தெரிகிறது. அடுத்த சனிக்கிழமை பில்லை எடுத்துக்கொண்டு போகிறேன், 1,140 என்று போட்ட அதே பில். அந்தப் பள்ளிக்கும் திரும்பப் போய் அம்மா கதை பொய் என்று சொல்ல வேண்டும், அதற்குத்தான் கொஞ்சம் உதறுகிறது.

அம்மா அறைக்கு பிஎல்டிசி ஃபேன் மாட்டியாச்சு. ரிமோட்டை வெற்றிலைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார், யாரும் தொடக் கூடாதாம். அதைச் சுவரில் சுவிட்ச் வைத்து வேகம் மாற்ற வழி இருக்கிறதா?