கனடாவின் ஹமில்டனில் ஒரே சீசன் ஆடிய லக்ரோஸ் அணி ஒன்டாரியோ ரெய்டர்ஸ்: நேரில் பார்த்தவர்கள் யாராவது?

ஹமில்டன்வாசி:
1998இல் கூட வேலை செய்தவர் ஒருவரிடம் ஓசி டிக்கெட் இருந்தது. லக்ரோஸ் என்றால் என்னவென்று தெரியாமலே கூடப் போனேன். வலை கட்டிய தடியால் பந்தைப் பிடித்து எறிந்து கோல் போடும் ஆட்டம் அது. இடம் கொப்ஸ் கொலிசியம். என்எச்எல் என்ற வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கின் அணி வரும் என்று நம்பி 1985இல் கட்டிய அரங்கம். அந்த அணி வரவேயில்லை. பனித்தளத்தின் மேல் செயற்கைப் புல்லை விரித்து ஆடினார்கள். பக்கத்துக்கு ஐந்து பேர், ஒரு கோலி (கோல் காப்பவர்). அந்தக் கோலி சோபா ஒன்றை உடம்பில் கட்டிக்கொண்டு நிற்பவர் மாதிரி இருந்தார். ஆட்டம் நடக்கும்போதே பாட்டும் அலறியது. தடியால் இடித்துத் தள்ளுவதைப் பார்த்து அடிதடி என்று நினைத்தேன். விதியே அதற்கு இடம் கொடுக்கிறதாம்! ஆட்டம் பிடித்துவிட்டது. ஆனால் நான் போன அன்று கதிரைகள் பாதிக்கு மேல் காலி. அடுத்த வருடம் அணியே ஊரில் இல்லை.

ரொக் ரசிகன்:
அண்ணை, அணி சாகவில்லை, கைமாறி ரொறன்ரோவுக்குப் போய்விட்டது. 1999இல் ‘ரொறன்ரோ ரொக்’ என்ற பெயரில் மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கில் ரோச்செஸ்டர் அணியை 13–10 என்று வென்று லீக் கிண்ணம் எடுத்தது. பயிற்சியாளர் லெஸ் பார்ட்லி, அணித்தலைவர் ஜிம் வெல்ட்மன், கோலி பாப் வாட்சன் எல்லாரும் ரெய்டர்ஸ் ஆட்கள்தான். பார்ட்லி ஏற்கெனவே பஃபலோ அணிக்கு மூன்று கிண்ணம் வாங்கிக் கொடுத்தவர். வெல்ட்மன் ஆசிரியர், வாரநாளில் வகுப்பு, வாரஇறுதியில் ஆட்டம். அந்தக் காலத்தில் லக்ரோஸ் சம்பளத்தை நம்பி வேலையை விட்டவர் யார்? 2000 இறுதி ஆட்டம்தான் எனக்கு மறக்காது. ரோச்செஸ்டரோடு 14–13, கடைசி நிமிடத்தில் எங்கள் கேலப் டோத் அடித்த கோல். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒருவர் என்னைத் தூக்கியே விட்டார்.

மவுண்டன் பக்கம்:
எங்கள் ஊர்க்காரருக்கு இதில் இன்னும் ஆத்திரம் உண்டு. 6 வெற்றி, 6 தோல்வி என்று தட்டுத்தடுமாறியதை நாங்கள் பார்த்தோம், கிண்ணத்தை ரொறன்ரோ பார்த்தது. ஒரு சீசனில் எந்த ஊர்தான் புது விளையாட்டைப் பழகும்? பிறகு நடந்த வேடிக்கை தெரியும்தானே, 2021 கடைசியில் ரொக் அதே கொப்ஸ் அரங்கத்துக்கு ஆட வந்தது. அரங்கத்துக்கும் பெயர் மாறியிருந்தது. மகனோடு போனேன். பக்கத்து இளைஞர்கள் ஹமில்டனுக்கு இப்போதுதான் முதல்முறையாக லக்ரோஸ் அணி வந்திருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். இடைவேளை முழுக்க அவர்களுக்கு ரெய்டர்ஸ் கதை சொன்னேன், மகனுக்கு ஒரே வெட்கம். சரி, 1998 ஜெர்சி யாரிடமாவது இருந்தால் படம் போடுங்கள். விலைக்கும் வாங்குவேன்.